தலைமாட்டுக் கல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாராவது கையில் ஒரு கருவியோடு வந்து இறங்கினால் போதும், மண்சரிவுக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று வரிசை வீடுகளான லயம் முழுக்கப் பேச்சுப் பரவிவிடும். அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மழைக்காலத்தில் பக்கத்துத் தோட்டத்தில் மலை சரிந்து வந்தபோது இப்படித்தான் சில பேர் வந்தார்கள். எதையோ வைத்து அளந்தார்கள், சுவரில் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். கோடு விழுந்த லயத்துக்காரர்களுக்குக் கொஞ்ச காலம் கழித்துத் தனி வீடு கிடைத்தது. கோடு விழாதவர்கள் இன்னமும் வெள்ளைக்காரன் கட்டிய ஒற்றை அறைக் காம்பராவிலேயே கிடக்கிறார்கள். ஆகவே எங்கள் ஆட்களுக்குக் கருவி என்றால் வீடு. ஆபத்து என்று அது எவ்வளவு பலமாகச் சொல்கிறதோ, வீடு அவ்வளவு சீக்கிரம்.

இந்த முறை வந்தவர்கள் மண்சரிவுக்காரர்கள் இல்லை, பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரர்கள். எங்கள் பக்கத்துப் பாறைகளில் தோரியம் என்ற பொருள் கூடுதலாக இருக்கிறதாம். அதனால் மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் இயற்கையாகவே கதிர்வீச்சு வருகிறதாம். தலைமுறை தலைமுறையாக அதன்மேல் படுத்து எழும்புகிறவர்களின் இரத்தத்தில் குரோமோசோம்கள் உடைந்திருக்கின்றனவா என்று பார்க்க வந்திருந்தார்கள். குழுவுக்குத் தலைமை ஒரு சிங்களப் பெண் விரிவுரையாளர், கிட்டத்தட்ட என் வயது. அவருக்குத் தமிழ் தெரியாது. நான் நோர்வூட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், சிங்களம் பேசுவேன், போதாததற்கு அந்த லயத்திலேயே பிறந்தவள். எங்கள் பள்ளிக்கூட அதிபர் யோசிக்காமல் என்னைக் கைகாட்டிவிட்டார். நானும் பெருமையாகத் தலையை ஆட்டி வைத்தேன்.

உண்மையில் நான் போனது என் தங்கைக்காக. அம்மா, அப்பா இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் காம்பரா வேறு ஆட்களுக்குப் போய்விட்டது. தங்கை மட்டும் அதே லயத்தில் நாலு கதவு தள்ளி வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் கொழுந்து எடுக்கிறாள், புருஷன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறான். இரண்டு முறை அவளுக்குத் தங்கியது, இரண்டும் நிற்கவில்லை. முதலாவது மூன்றாம் மாதத்திலேயே போனது. மற்றது ஐந்தாம் மாதம் வரை வந்து போனது. இப்போது மறுபடியும் தலைசுற்றலும் வாந்தியுமாக இருந்தாள்.

அவளுடைய மாமியார் நல்ல மனுஷிதான், வாய்தான் நல்லதில்லை. "நான் இதே காம்பராவுல நாலு பெத்தேன். நாலும் ஆளாயிருச்சி. எங்க வம்சத்துல ஒரு கொறையும் கெடையாது. வந்தவளுக்கு வயிறு தங்கலன்னா யாரு என்னா செய்யிறது?" என்று தண்ணீர்க் குழாயடியில் நின்று நாலு பேர் கேட்கச் சொல்வார். தங்கை ஒரு வார்த்தை திருப்பிப் பேச மாட்டாள். எனக்குத்தான் எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். நான் ஏதாவது சொல்லப்போனால், "டீச்சரம்மா கோவிச்சிக்காதீங்க, உள்ளதத்தானே சொன்னேன்" என்று சிரித்து வைப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

ஆராய்ச்சி எதற்கு என்று நான் விளக்கிச் சொன்னபோது தங்கையின் முகம் மாறியதைக் கவனித்தேன். "அப்ப இந்தத் தரையில இருக்கிறதுதான் புள்ளைங்கள அழிக்கிதாக்கா?" என்றாள். அப்படிச் சொல்ல முடியாது, அதைத்தான் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றேன். அவள் அதற்குமேல் எதையும் காதில் வாங்கவில்லை. ஆளுக்காள் வீடு வேண்டும் என்று கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் தன்மேல் பழி இல்லை என்று அது சொல்ல வேண்டுமென்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருவி கிட்கிட் என்று சத்தம் போடும். கதிர்வீச்சு கூடின இடத்தில் சத்தமும் கூடும். எங்கள் பெண்கள் விரிவுரையாளரின் கையைப் பிடிக்காத குறையாக இழுத்தார்கள். "மிஸ், எங்க ஊட்டுலயும் வைங்க மிஸ்." "அங்க நல்லாச் சத்தம் போட்டிச்சி, எங்கள்து மட்டும் ஏன் மெதுவாக் கத்துது? இன்னொருக்கா வச்சிப் பாருங்க." சத்தம் குறைந்த காம்பராக்காரிக்கு முகம் தொங்கிப்போனது. இதையெல்லாம் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? சொன்னேன். விரிவுரையாளர் முதலில் சிரித்தார், அப்புறம் சிரிக்கவில்லை. இதற்கும் வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். தொண்டை வற்றச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரும் நம்பவில்லை.

ஒரு வீட்டில் சமைக்கிற குசினியின் கதவு சாத்தாமலிருக்க ஒரு கறுப்புக் கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆற்றில் மாணிக்கம் தோண்டுகிறவர்கள் அள்ளி வெளியே போடுகிற கல். அளவில் சின்னது, தூக்கினால் கையை இழுக்கும். அதன் பக்கத்தில் போனதும் கருவி விடாமல் கத்தியது. ஆராய்ச்சிக்காரர்கள் ஆசையோடு அதைப் படம் எடுத்துக்கொண்டார்கள். சுற்றி நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அங்கேதான் நின்றேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த நாள் பிள்ளைக்காம்பராவில் இரத்தம் எடுத்தார்கள். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற மடுவம் அது. தங்கைதான் முதல் ஆளாக வந்து நின்றாள், தலை சீவிப் பொட்டு வைத்து, கோயிலுக்கு வந்தவளைப் போல. கர்ப்பிணிகளிடம் எடுப்பதில்லை என்று விரிவுரையாளர் சொன்னார். அதுதான் ஆராய்ச்சியின் விதி. நான் அதைத் தமிழில் சொன்னதும் அவள் என்னை முறைத்தாள்.

"என்னாக்கா இது? எனக்குத்தானே தெரியணும்?"

"விதி அப்படிடி. நான் என்னா செய்ய?"

"நீ கொஞ்சம் கேட்டுப் பாரேன்."

கேட்டேன். அவர் வருத்தப்பட்டார், முடியாது என்றார். அவளுடைய புருஷன் கொடுத்தான், மாமியாரும் கொடுத்தார். மாமியார் ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ரத்தம் கொறவுன்னா குளுசை தருவாங்கதானே?" என்று கேட்டார். தங்கை வெளியே திண்ணைக் குந்தில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரின் கைப்பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகும் முன் காம்பராவுக்கு ஒன்றாகச் சின்ன வில்லைகளைக் கட்டில் தலைமாட்டுச் சுவரில் தொங்கவிட்டார்கள். சில மாதங்களில் ஒரு வீட்டுக்குள் எவ்வளவு கதிர்வீச்சு சேர்கிறது என்று அது காட்டுமாம். தொட வேண்டாம், இடம் மாற்ற வேண்டாம் என்று நான் கதவுக்குக் கதவு சொல்லிக்கொண்டு போனேன். யாரும் தொடவில்லை, இடமும் மாற்றவில்லை. அந்த மட்டில் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

மாதங்கள் ஓடின. தங்கைக்கு வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கியது. மூன்றாம் மாதம் தாண்டியது, ஐந்தாம் மாதமும் தாண்டியது. அப்பாடா என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனால் கையைப் பிடித்து வயிற்றின்மேல் வைப்பாள். "இந்தா, ஒதைக்கிது பாருக்கா. சேட்டை." ஹட்டனுக்குப் போய் வளையல்கூட வாங்கி வந்து வைத்திருந்தேன். அம்மா இல்லாத வீட்டில் நான்தானே போட வேண்டும்.

ஏழாம் மாதம் பிறந்த சமயம் ஆராய்ச்சிக்காரர்கள் திரும்பி வந்தார்கள். இரத்தத்தின் முடிவைச் சொல்லிவிட்டு வில்லைகளைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும். பிள்ளைக்காம்பராவின் சுவரில் படம் போட்டுக் காட்டினார்கள். இதைத்தான் வருஷா வருஷம் கரும்பலகையில் வரைகிறேன். ஒவ்வொரு குரோமோசோமுக்கும் நடுவில் இடுப்பு மாதிரி ஓர் ஒடுக்கம் இருக்கும். அவர் காட்டிய ஒன்றுக்கு இரண்டு இடுப்பு இருந்தது. இரண்டு குரோமோசோம்கள் உடைந்து, திரும்பவும் ஒட்டும்போது தப்பாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அப்படி ஆகும். இன்னொன்று முனைகள் இரண்டும் போய் வளையமாகச் சுருண்டிருந்தது. புத்தகத்தில் பார்த்ததுதான். எங்கள் லயத்து ஆள் ஒருவருடைய இரத்தத்தில் இருந்தது என்றபோது தமிழில் சொல்வதை விட்டுவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். விரிவுரையாளர் தொடரும்படி என்னைப் பார்த்தார்.

தொடர்ந்தேன். கதிர்வீச்சு குறைந்த இடத்து ஆட்களோடு ஒப்பிட்டால் உங்களிடம் இப்படி உடைந்தவை கூடுதலாக இருக்கின்றன. இதனால் நோய் வரும் என்று அர்த்தமில்லை. வராது என்று உறுதியாகச் சொல்லவும் இல்லை. இது மொத்தக் கூட்டத்துக்கான முடிவு. தனித்தனி ஆளுக்கு இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மருந்தும் கிடையாது. சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. இதைச் சொல்லவா இத்தனை பேர் கையில் குத்தினார்கள்?

"அப்ப வூடு எப்ப தருவாங்க?" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்.

தங்கைக்கு வீடு பற்றிய நினைப்பே இல்லை. அவள் எழும்பி நின்று, எல்லோருக்கும் கேட்க, "அத்த, கேட்டீங்களா? மண்ணுதானாம். நான் இல்லையாம்" என்றாள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நான் சொன்னதிலிருந்து அவளுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டாள். திருத்தியிருக்கலாம். ஆனால் அப்படியொரு சிரிப்பை அவள் முகத்தில் நான் பார்த்து எத்தனை காலம்! வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் மாமியார் தேத்தண்ணி ஊற்றி, முதல் கோப்பையை அவள் கையில் கொடுத்தார். "குடி. நிக்காத, ஒக்காரு" என்றார். அந்த வீட்டில் அது பெரிய விஷயம்.

அந்தக் கோப்பை காலியாகும் முன்பே விரிவுரையாளர் வில்லையைக் கழற்ற உள்ளே வந்தார். கையில் கருவி இருந்தது. கட்டில் தலைமாட்டுக்கு வந்ததும் அது கத்தத் தொடங்கியது. முதல் முறை இப்படிக் கத்தவில்லையே என்று அவர் குனிந்து பார்த்தார். கட்டிலுக்கடியில், சுவரோரம், பழைய சேலைத்துணியில் சுற்றி ஒரு கறுப்புக் கல் இருந்தது. ஒரு தேங்காய் அளவு.

தங்கையின் புருஷன் தலையைச் சொறிந்தான். "எல்லாரும் வச்சாங்க அண்ணி. நம்ம மட்டும் வைக்காம இருந்தா, நம்மள்து கொறைச்சலாக் காட்டிச்சின்னா?"

எல்லோரும் வைத்திருந்தார்கள். அடுத்த காம்பராவில் அரிசி வாளிக்குப் பின்னால் இருந்தது, அதற்கடுத்ததில் சாமிப்படத்துக்குக் கீழே. மாணிக்கக் குழிகளில் தேடித் தேடி நல்லாக் கத்தக்கூடிய கல்லாகப் பார்த்து, பாரம் பார்த்து, தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வில்லைகளை யாரும் தொடவில்லைதான், கீழே கல்லை மட்டும் வைத்திருக்கிறார்கள். விரிவுரையாளர் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். இரத்தம் கல் வருவதற்கு முன்பே எடுத்ததால் அந்த முடிவில் மாற்றமில்லை, வில்லைகள் எல்லாம் வீண் என்று மட்டும் சொன்னார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "அறிவிருக்காடி உனக்கு? வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு இத்தன மாசமா இதுக்கு மேலயா படுத்துக் கெடந்த?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்.

"நான்தான் கொண்டாந்து வைக்கச் சொன்னேன்" என்றாள். குரல் கீழே போய்விட்டது. "கூடக் காட்டட்டும்னுதான். அத்த நம்பணும்ல."

விரிவுரையாளரிடம் கேட்டேன். வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாத கல்தான், ஆனால் இந்த அளவு ஒரு குழந்தையைப் பாதிக்கும் என்று பயப்படத் தேவையில்லை, அதற்கு இதைவிடப் பல மடங்கு வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே கல்லைக் கொண்டுபோய் ஆற்றில் போட்டுவிட்டான் அவள் புருஷன்.

பிள்ளை பிறக்கும் வரை நான் வாடகைக்கு இருக்கிற அறையில் என்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "அவரு தனியா என்னா செய்வாரு?" என்றாள். அப்படியானால் அவனும் வரட்டும், டவுனில் ஏதாவது வேலை பார்க்கட்டும் என்றேன். "பேரு வெட்டுப்பட்டா காம்பராவக் கேப்பாங்கக்கா. அப்புறம் எங்க போறது?" என்றாள். தோட்டத்தில் வேலைக்குப் பேர் இருந்தால்தான் காம்பரா. அதுவும் எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் எதையாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது. போதாததற்கு என் அறையின் அத்திவாரமும் இதே மலையில் உடைத்த கல்தான்.

கொஞ்ச நாளில் அது நடந்தது. வகுப்பில் நிற்கும்போது அவள் புருஷனிடமிருந்து போன் வந்தது. நேற்றிலிருந்து பிள்ளை அசையவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம் என்றான். பஸ்ஸில் வழி முழுக்க, ஒன்றும் இருக்காது, ஒன்றும் இருக்காது என்று சொல்லிக்கொண்டே போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, பிள்ளை செத்துத்தான் பிறந்திருந்தது. பெண் பிள்ளை. கை, கால், விரல், நகம் எல்லாம் இருந்தது. ஒரு குறையும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. மாமியார் வாங்குப் பலகையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். வாயில் ஒரு பழிச்சொல் வரவில்லை.

டாக்டரை மறித்து நின்று கேட்டேன். பல நேரங்களில் இப்படித்தான், காரணமே கண்டுபிடிக்க முடியாது என்றார். குரோமோசோமைப் பார்க்க முடியாதா என்றேன். இங்கே வசதி இல்லை என்றார். கொழும்புக்கு அனுப்பிக் குறை ஒன்று தெரிந்தாலும், அது எதனால் வந்தது என்று அதில் எழுதியிருக்காது என்றார். விரிவுரையாளருக்குப் போன் எடுத்தேன். அவர் அழுகிற குரலில், ஒரு ஆளைப் பற்றி என்னால் சொல்ல முடியாது, மன்னியுங்கள் என்றார். கூட்டத்துக்குச் சொல்வார்களாம், ஆளுக்குச் சொல்ல மாட்டார்களாம். கூட்டமா பிள்ளையைச் சுமந்தது? அவர்மேல் கோபப்பட்டு என்ன பிரயோசனம். அவர் பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு நான் லீவு போட்டு அவளோடு இருந்தேன். குடிக்கப் பிள்ளை இல்லை என்று தெரியாமல் பால் சுரந்தது. மாமியார் துணியை இறுக்கிக் கட்டிவிட்டு, அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். தங்கை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஒரு நாள் பின்னேரம் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அக்கா, நான் வச்ச கல்லாலயாக்கா?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இருந்தேன். "இல்லவே இல்ல. அந்த மிஸ் அன்னைக்கே சொன்னாங்கல்ல? அம்புட்டுச் சக்தி அதுக்குக் கெடையாது. எம்மேல சத்தியம்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்டி."

அவள் மெல்லத் திரும்பி மல்லாந்து படுத்தாள். நெஞ்சிலிருந்து ஒரு பாரத்தை இறக்கி வைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அம்புட்டுக் கத்துன கல்லே ஒண்ணும் செய்யாதுன்னா, இந்தத் தரை என்னாக்கா செஞ்சிருக்கும்?" என்றாள். "அப்ப மொதல்ல போன ரெண்டும் மண்ணால போகலதானே. அத்த சொன்னதுதானே சரி."

"அப்படியில்லடி..."

"அப்ப கல்லா?"

வாயைத் திறந்தேன். ஆமாம் என்றால் அவள் வைக்கச் சொன்ன கல். இல்லை என்றால் அவள் வயிறு. வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறவள் நான். அடுப்படியில் மாமியார் ஊதாங்குழலைக் கீழே வைத்துவிட்டு எங்கள் பக்கம் பார்த்தார். அவரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை என் கையைப் பிடித்தாள். "ரெண்டுல ஒண்ணச் சொல்லுக்கா. எதச் சொன்னாலும் நான் நம்புறேன்."